வாணியாற்று முகாமுக்கு வக்கீல்கள் வேண்டும்

பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டார வழக்கறிஞர் பெருமக்களுக்கு,



ஒரே ஒரு வேண்டுகோளுக்காகத்தான் இந்த மடல். வாணியாறு அணைப் பக்கம் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் குடும்பங்களை, அவர்கள் கேட்டு வருவதற்கு முன்பே நீங்கள் தேடிப்போக வேண்டும். அவர்களுடைய காகிதங்களை ஒரு முறை உட்கார்ந்து படிக்க வேண்டும். நாளை யாராவது ஒருவர் கையில் ‘நாட்டை விட்டு வெளியேறு’ என்ற உத்தரவு வந்தால், அன்றைக்குச் சென்னைக்கு ஓடி வக்கீல் தேடும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது.

நான் இந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் இல்லை. முகாம் பிள்ளைகள் என் வகுப்புகளில் படித்தார்கள். நன்றாகப் படித்தார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களுடைய விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்யும்போதெல்லாம் கண்ட சிக்கல்கள்தான் என்னை இந்த விஷயத்தைத் தொடர்ந்து வாசிக்க வைத்தன.

முதலில் இந்த மக்கள் இங்கே வந்த கதை. உங்களில் இளையவர்கள் பலர் முகாமைப் பார்த்தே வளர்ந்தவர்கள்; அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்திருக்க மாட்டீர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகு படகாக மக்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அன்றிலிருந்து 2012 ஆகஸ்ட் வரை இந்தியாவுக்குள் வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. 1995 மார்ச் வரை 99,469 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மீதிப் பேரில் பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள், சிலர் தாமாகவே ஊர் திரும்பினார்கள், பலர் இங்கேயே தங்கினார்கள். நம் மாவட்டத்தில் அவர்களைக் குடிவைத்தது பெரும்பாலும் அணைக்கட்டுகளை ஒட்டித்தான். தும்பலஅள்ளி, நாகாவதி, கேசர்குளி என்று பெயர்களைச் சொன்னாலே போதும், எல்லாம் தண்ணீர்க்கரை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. புது வீடுகளும் கட்டித்தந்தது, உதவித்தொகையை உயர்த்தியது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால் அந்த வீட்டுக்குள் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் அயல்நாட்டார். முகாமை விட்டு வெளியூர் போய்த் தங்க அனுமதி வேண்டும். கணக்கெடுப்பு நாளில் ஆஜராக வேண்டும். கியூ பிரிவு உளவுப் போலீசார் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களும் படிக்கக்கூடும்.

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டம்தான் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. சுற்றுலா வந்தவருக்கும் குண்டுக்குத் தப்பி வந்தவருக்கும் ஒரே சட்டம். 2025 செப்டம்பர் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டம் வந்திருக்கிறது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நான் அயல்நாட்டான் இல்லை என்று நிரூபிக்கும் சுமை, பழைய சட்டத்தைப் போலவே, சம்பந்தப்பட்டவர் தலையில்தான். அதே நேரத்தில் ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணம் இல்லாமல் வந்ததற்கும் தங்கியதற்குமான தண்டனைப் பிரிவுகள் பொருந்தா.

நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் ‘பதிவு செய்துகொண்ட’ என்ற நிபந்தனையைப் பாருங்கள். பதிவு எங்கே இருக்கிறது? முகாம் பதிவேட்டில், வட்டாட்சியர் அலுவலகத்தில், குடும்ப அடையாள அட்டையில். நடுவில் பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ கோவைக்கோ போய், கணக்கெடுப்பில் சில தடவை இல்லாமல் போனதால் பெயர் நீக்கப்பட்டவர் என்ன ஆவார்? முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருப்பவர், காவல் நிலையத்தில் புதுப்பிக்காமல் விட்டிருந்தால்? 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறங்கியவர்கள் இந்தத் தேதிக்குள் வரவே மாட்டார்கள். விலக்கு கிடைத்தவருக்கும் கிடைத்தது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே. குடியுரிமை இல்லை. 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இலங்கையை அதில் சேர்க்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நடந்ததைப் பலரும் செய்தியாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துவிட்டோம். இலங்கைத் தமிழர் ஒருவர். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவர். அவருடைய தண்டனையை 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் 7 ஆண்டாகக் குறைத்தது. தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்றும் சொன்னது. போனால் உயிருக்கு ஆபத்து, மனைவி மக்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று அவர் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதிகள் தீபாங்கர் தத்தாவும் வினோத் சந்திரனும் ஏற்கவில்லை. உலகம் முழுவதிலிருந்தும் வரும் அகதிகளுக்கு இடம்கொடுக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று அமர்வு சொன்னதுதான் தலைப்புச் செய்தி ஆயிற்று. அந்தச் சொல் வலித்தது, உண்மை. ஆனால் வழக்கறிஞர் ஒருவர் அந்த வழக்கைப் படித்தால் வேறொன்றுதான் கண்ணில் படும் என்று நினைக்கிறேன். நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற முடிவு ஒரு குற்ற மேல்முறையீட்டின் தீர்ப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. திருப்பி அனுப்பினால் என்ன நேரும் என்ற கேள்வி, தண்டனை எத்தனை ஆண்டு என்ற கேள்விக்குள் அடங்கிப்போயிற்று. டெல்லி போய்ச் சேர்ந்தபோது வாதாட மிச்சம் எதுவும் இல்லை.

இதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், டெல்லி வக்கீல்களுக்கு எழுதவில்லை. ஒருவரை நாடு கடத்துவதா வேண்டாமா என்பது பெரிய நீதிமன்றத்தில் முடிவாகிறது என்று நாம் நினைக்கிறோம். அது இங்கேதான் தொடங்குகிறது. அடிதடி வழக்கொன்றில் போலீசார் முதல் தகவல் அறிக்கை எழுதும்போது, நடுவர் நீதிமன்றத்தில் ‘ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, அலைச்சல் மிச்சம்’ என்று யாரோ யோசனை சொல்லும்போது, பெயரில் ஓர் எழுத்து மாறியதைச் சரிசெய்யாமல் விடும்போது. உள்ளூர்க்காரனுக்கு அபராதத்தோடு முடிந்துபோகும் வழக்கு, முகாம்வாசிக்கு முடியாது. நாளைக்குக் குடியுரிமை கேட்டால் நன்னடத்தை பார்ப்பார்கள். அந்தத் தண்டனை அங்கே வந்து நிற்கும். ஜாமீன் கிடைத்தாலும் வீட்டுக்குப் போகாமல் திருச்சிச் சிறப்பு முகாமுக்குப் போனவர்கள் உண்டு.

அந்தச் சிறப்பு முகாமைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்தான் அது இருக்கிறது. அயல்நாட்டாரை ஓர் இடத்தில் இருத்திவைக்கும் அதிகாரத்தின்படி நிர்வாக உத்தரவால் வைக்கப்படுகிறார்கள். தண்டனைக் காலம் போல ஒரு முடிவு நாள் அதற்கு இல்லை. ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தன் சிறையிலிருந்து நேராக அங்கேதான் போனார். ஊருக்குப் போக வேண்டும், தாயைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். பயண ஆவணம் கைக்கு எட்டும் நேரத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். அவரோடு விடுதலையான முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் மூவரும் அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பு போனார்கள். அந்த வழக்கைப் பற்றி உங்களுக்குள் பல கருத்துகள் இருக்கலாம். நான் சொல்ல வந்தது, இங்கேயே இருக்க விரும்புகிறவருக்கு மட்டுமல்ல, போக விரும்புகிறவருக்கும் வக்கீல் தேவை என்பதுதான்.

‘போர் முடிந்து இத்தனை வருஷம் ஆகிறதே, இனி என்ன பயம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2025 மே மாதக் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு, தன் விருப்பப்படி ஊர் திரும்பிய 75 வயதுப் பெரியவர் ஒருவரை யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். குற்றம்: பல வருஷங்களுக்கு முன்பு முறையான ஆவணம் இல்லாமல் இலங்கையை விட்டு வெளியேறியது. எதிர்ப்பு எழுந்த பிறகு இலங்கை அரசு விதியை மாற்றுவதாகச் சொன்னது. முறைப்படி, விரும்பிப் போனவருக்கே இந்த வரவேற்பு என்றால், பிடித்து அனுப்பப்படுகிறவருக்கு என்ன காத்திருக்கும் என்று கேட்க ஒருவர் அவர் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

நின்றால் பலன் உண்டு என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், 1992 ஜனவரியில் அரசே ஏற்பாடு செய்து அகதிகளைக் கப்பல் ஏற்றத் தொடங்கியது. விருப்பத்தோடுதான் போகிறார்கள் என்றார்கள். ஆனால் ஆங்கிலப் படிவத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வாங்குவதாகப் புகார்கள் வந்தன. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கு நடந்த நாட்களில்தான் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர் மனமொப்பித்தான் போகிறாரா என்று நேரில் கேட்கும் வழக்கம் வந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த ஆணையம் பார்த்துக்கொள்ளும் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. இருந்தாலும் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று சொல்ல அகதிக்கு ஓர் இடம் கிடைத்ததே, அது மனுப் போட்டதால் கிடைத்தது.

1996-இல் அருணாசலப் பிரதேசச் சக்மா மக்களை ஊரை விட்டுத் துரத்துவோம் என்று மிரட்டியபோது, உயிர்வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல, இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உரியது, அவர்களைக் காப்பது மாநில அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்திசைத் தீர்ப்புகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அயல்நாட்டாரை வெளியேற்றும் அரசின் அதிகாரத்துக்கு வரம்பில்லை என்று 1955-லேயே சொல்லிவிட்டார்கள். ரோஹிங்கியா வழக்கில் 2021 ஏப்ரலில், நடைமுறைப்படி அனுப்பலாம் என்றே உத்தரவு வந்தது. அந்த உத்தரவில்கூட நடைமுறை தேவை என்பது விடப்படவில்லை. அந்த நடைமுறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது வக்கீலின் வேலை அல்லாமல் வேறு யாருடைய வேலை?

இன்னொன்று, இது நம் வட்டாரத்துக்கே உரியது. தருமபுரி 1965 வரை சேலம் ஜில்லாவின் பகுதி. வெள்ளைக்காரர் காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துப்போன ஜில்லாக்களில் சேலமும் முக்கியமானது. 1948-இல் சுதந்திர இலங்கை அந்த மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவு செய்தார்கள். அந்த வரிசையில் பெயர் இருந்தும் காகிதம் முடியாமல், கலவரத்தில் படகேறி அகதியாக வந்து சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாட்டன் இந்த ஜில்லாவிலிருந்து போனவன், பேரன் அயல்நாட்டான். 2019 ஜூன் 17 அன்று அப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பெற்றுப் பரிசீலிக்கச் சொன்னார். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தர மறுத்தபோதும் அதே கிளைதான் வழி திறந்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே இந்தியர் என்பது குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. அந்தப் பெண் 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். புதிதாக எந்தச் சட்டமும் வரவில்லை. இருந்த சட்டத்தை, இருந்த பிறப்புச் சான்றிதழோடு ஒரு வக்கீல் சேர்த்து வைத்தார், அவ்வளவுதான். நம் மாவட்ட முகாம்களில் 1983-க்கும் 1987-க்கும் இடையில் இந்திய ஆஸ்பத்திரியில் பிறந்தவர் எத்தனை பேர், யாராவது போய்க் கேட்டிருக்கிறோமா?

சின்ன ஊர் என்ன செய்துவிட முடியும் என்ற தயக்கம் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிலோயிலா என்று ஓர் ஊர். கால்நடை வளர்ப்பும் இறைச்சிக்கூடமும் உள்ள ஊர். அங்கே வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றை, இரண்டு பெண் குழந்தைகளோடு, 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். 2019 ஆகஸ்டில் இரவோடு இரவாக இலங்கைக்கு விமானம் ஏற்றியபோது, வக்கீல்கள் அந்த இரவிலேயே நீதிபதியிடம் தடை உத்தரவு வாங்கினார்கள். விமானம் நடுவழியில் டார்வினில் இறக்கப்பட்டது. அதன் பிறகும் அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். அந்த ஊர்மக்கள், தமிழ் தெரியாத வெள்ளைக்கார உழவர்களும் சமூகப் பணியாளர்களும், எங்கள் ஊர்க் குடும்பத்தைத் திருப்பிக் கொடு என்று விடாமல் கேட்டார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையும் வந்தது, வெட்கமும் வந்தது. பிலோயிலாக்காரர்கள் செய்ததை நம் மொழி பேசும் மக்களுக்கு நாம் செய்திருக்கிறோமா?

‘நம்ம ஜனங்களுக்கே வக்கீல் கிடைக்கவில்லை, அவர்களுக்கு எதற்கு?’ இதையும் கேட்டிருக்கிறேன். கோபத்தில் கேட்பதில்லை, வறுமையில் கேட்கிறார்கள். அவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். சித்தேரி மலைப்பக்கத்து ஆட்கள் கூலிக்கு ஆந்திராவுக்குப் போய், 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்த 20 பேரில் நம் மாவட்டத்தாரும் இருந்தார்கள். அதற்கு முன்பு, வனத்துறையினர் இருவர் கொலையான வழக்கில் பிடிபட்ட தமிழ்நாட்டுக் கூலியாட்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர், தெலுங்கு தெரியாமல், வக்கீலுக்குக் காசில்லாமல் சிறைகளில் கிடந்தார்கள். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்நிய ஊரில் நம்மவனுக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று அன்று நாம் கேட்டோம். அது நியாயம் என்றால் இதுவும் நியாயம்.

வாச்சாத்தி கிராமத்துப் பழங்குடி மக்கள் மீது அதிகாரிகள் நடத்திய வன்கொடுமையை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1992 ஜூன் 20-இல் நடந்தது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023-இல் அதே செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதிகாரிகள் ஒரு பக்கம், விறகு சுமக்கும் பெண்கள் ஒரு பக்கம். இத்தனை ஆண்டும் அவர்களைக் கைவிடாத மார்க்சிஸ்ட் தோழர்களும் பழங்குடியினர் சங்கமும் வழக்கறிஞர்களும் இருந்ததால் அந்தத் தீர்ப்பு வந்தது. இந்த வட்டாரத்துக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலை. சிலோன் காகிதத்தில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும். இங்கே அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கும். ஒரே ஆள் பள்ளிச் சான்றிதழில் ஒருவர், முகாம் அட்டையில் வேறொருவர், ஆதாரில் மூன்றாமவர். பள்ளிக்குப் பள்ளி நாட்டினக் கட்டத்தில் எழுதியதும் வேறுபடும். பதிவுத் திருமணம் இல்லை. இங்கே பிறந்த குழந்தையின் பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதியவில்லை என்றால், அது எந்த நாட்டுக் குழந்தையும் இல்லை. உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிய முகாம் பையனின் பிள்ளைகள், 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்திருந்தால், தாய் இந்தியராக இருந்தும் குடியுரிமை கேள்விக்குறி. இவற்றையெல்லாம் மனுவாக எழுதி, வட்டாட்சியரிடமும் சார் பதிவாளரிடமும் கொடுத்து, ஒப்புகை வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். உத்தரவு வந்த பிறகு இதற்கு நேரம் இருக்காது.

செலவுக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. வட்டச் சட்டப் பணிகள் குழு மாதம் ஒரு நாள் முகாமுக்குள்ளேயே உட்காரலாம். 15100 என்ற எண்ணை முகாம் வாசலில் எழுதி வைக்கலாம். வேலைக்குப் போகும் ஆண்களில் பலர் பெயிண்டர்கள், அவர்களே எழுதிவிடுவார்கள். அமெரிக்காவில் குடிவரவு நீதிமன்றத்தில் நிற்பவருக்கு அரசு வக்கீல் கிடையாது; நியூயார்க் நகரம் 2013-இல் தன் பணத்தில் வக்கீல் வைத்துக் கொடுத்தது. ஆய்வு செய்தவர்கள் சொன்ன மதிப்பீடு, வக்கீல் இல்லாமல் நூற்றுக்கு 4 பேர் ஜெயித்த இடத்தில் வக்கீலோடு 48 பேர் ஜெயிக்க முடியும் என்பது. சட்டம் அதேதான், நீதிமன்றமும் அதேதான்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலைப் படியுங்கள். இரண்டு பேர் கை தூக்கினாலும் போதும், முகாமுக்கு வழிகாட்ட நான் வருகிறேன். கியூ பிரிவோ வட்டாட்சியரோ என்ன நினைப்பார்கள் என்று தயங்காதீர்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள், இது உங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை போவது நல்லது, அன்றைக்குத்தான் பெயிண்ட் வேலைக்குப் போன ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். பழைய அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்து வைக்கச் சொல்லி முன்கூட்டியே தகவல் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
பாப்பிரெட்டிப்பட்டி.